சட்டச் செய்தியும் பத்திரிகை நெறியும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கத்தின் எழுத்துருவம்)

     

நமது மாதப் பத்திரிகையில் சட்ட விஷயங்களுக்கெனச் சில பக்கங்களை ஒதுக்கவேண்டுமென்று அங்கத்தினர் பலர் விரும்பினர். நிர்வாக சபையார் அதற்கு இசைந்து, அப்பக்கங்கள் எந்நெறியில் நடைபெறல் வேண்டும் என்பதைக் குறித்துச் சில வார்த்தைகள் கூறுமாறு எம்மைப் பணித்தனர். விஷயம் வறண்டதுபோல் தோன்றலாம். ஆயினும், நம் குடும்பங்களின் படகும், காணியும், பெண்மக்களின் பாகமும், பிள்ளைகளின் விடுதலையும் இதனுள் அடங்கியிருத்தலின், சிறிது பொறுமையுடன் செவிசாய்க்குமாறு வேண்டுகின்றோம்.

பத்திரிகையில் வரும் வைத்தியக் குறிப்பையோ சோதிடக் குறிப்பையோ படிப்பவர், அதனை வீட்டுப் பெரியவரிடம் ஒருமுறை கேட்டு நிச்சயித்துக்கொள்வது வழக்கம். சட்டக் குறிப்பைப் பற்றி வீட்டில் கேட்பதற்கு ஆள் இல்லை. அச்சில் வந்ததே சட்டம் என்று நம்பி, வெட்டி எடுத்துப் பெட்டியில் பத்திரப்படுத்துவோரே மிகுதி. சட்டத்தை அறியேன் என்று சொல்லுதல் நியாயஸ்தலத்தில் செல்லாது. நம் பத்திரிகையில் அப்படித்தான் எழுதியிருந்தது என்று சொல்லுதலும் செல்லாது. எழுதியவர் தம் வீட்டில் இருப்பார். நம்பியவர் கூண்டில் நிற்பார். இப்பக்கங்களை நடத்துவோர் முதற்கண் மனத்திற்கொள்ள வேண்டுவது இதுவேயாகும்.

நம் சேது நாட்டிற்கு இவ்விஷயத்தில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் அவர்கள் 1901-ஆம் ஆண்டில் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவினார்கள். சேதுபதி மன்னர் மரபினர். பிழை மலிந்த திருக்குறட் பதிப்பொன்று வெளிவந்தபோது, அதன் பிரதிகள் அனைத்தையும் தாமே விலைகொடுத்து வாங்கி எரியூட்டினார்கள் என்று தமிழறிந்தோர் இன்றும் சொல்லக் கேட்கின்றோம். குறளில் ஓர் எழுத்துப் பிழைத்தால் பொருள் கெடும், படிப்போன் சிறைபுகான். சட்டத்தில் ஓர் ஆண்டு பிழைத்தால் ஒரு குடும்பமே நிலைகுலையும். குறட்பதிப்பிற்கே அத்துணைக் கவலை வேண்டுமாயின், சட்டப் பக்கத்திற்கு எத்துணை வேண்டும் என்பதை நீங்களே சிந்தித்துக்கொள்ளலாம்.

இனி, நெறிகளை ஒவ்வொன்றாகக் கூறுவாம். சட்டச் செய்தி எதுவாயினும், அது எவ்விடத்திற்கு உரியது, எவர்க்கு உரியது, எந்நாள் முதல் உரியது, எந்தக் காகிதத்தில் உள்ளது என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை சொல்லாமல் அச்சேறல் ஆகாது என்பது எமது துணிபு.

முதலாவது, இடம். இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. இந்து சட்டம் கற்போர் யாவரும் இன்றளவும் படிக்கும் வழக்கு, நம் இராமநாதபுரம் சமஸ்தானத்து வழக்கேயாகும். இராணி பர்வதவர்த்தினி நாச்சியார் அவர்கள் கணவர் காலஞ்சென்ற பின், பங்காளிகளின் சம்மதத்துடன் முத்துராமலிங்க சேதுபதி அவர்களைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார்கள். கணவர் உத்தரவின்றிக் கைம்பெண் சுவீகாரம் செய்தல் கூடுமோ என்னும் வழக்கு எழுந்தது. இராமநாதபுரம் அக்காலத்தில் மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்தபடியால் மதுரைக் கலெக்டர் எதிர்த்து வழக்காடினார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1868-ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. திராவிட தேசத்தில் பங்காளிகளின் சம்மதம் இருந்தால் கைம்பெண் சுவீகாரம் செய்யலாம் என்று நீதிபதிகள் முடிவுசெய்தனர்.

அத்தீர்ப்பின் பெருமை அம்முடிவில் மட்டும் இல்லை. அதனை அடைந்த வழியிலும் இருக்கின்றது. ஒரே ஸ்மிருதி வாக்கியத்தை வங்காளத்தார் ஒருவகையாகவும், மிதிலையார் வேறொருவகையாகவும், மகாராஷ்டிரத்தார் மற்றொருவகையாகவும் பொருள்கொண்டு ஒழுகினர். வங்காளத்தில் கணவன் உத்தரவு வேண்டும். மிதிலையில் கைம்பெண் சுவீகாரமே கூடாது. மகாராஷ்டிரத்தில் கணவன் உத்தரவு வேண்டுவதில்லை. ஆதலால், பழைய நூலிலிருந்து இன்ன விதியைப் பெறக்கூடுமா என்று பார்ப்பது போதாது. வழக்கு எழுந்த நாட்டில் அந்நூற்கொள்கை ஏற்கப்பெற்று நடைமுறையில் வந்திருக்கின்றதா என்று ஆராய்வதே நீதிபதியின் கடமை என்றும், தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதிய விதியினும் வலியது என்றும் அவர்கள் கூறினர். வங்காளத்தில் அச்சிட்ட சட்டப் புத்தகத்தைப் பார்த்து ஒருவர் இராமநாதபுரத்தார்க்குப் புத்தி சொல்லியிருந்தால், சமஸ்தானமே கைமாறியிருக்கும்.

இக்காலத்திலும் அங்ஙனமே. மீன்பிடி தடைக்காலத்தைப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அதே தமிழ்நாட்டில், கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரைப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. "தமிழ்நாட்டில் தடைக்காலம் முடிந்தது" என்று ஒரு வரி அச்சிட்டால், ஒரு கரையில் அது உண்மை, மறுகரையில் பொய். 2017-ஆம் ஆண்டிற்கு முன் இத்தடை 45 நாளே. அக்காலத்துக் குறிப்பை எடுத்து மறுபடியும் அச்சிட்டாலோ, இக்கரையிலும் பொய்யாகும்.

இரண்டாவது, எவர்க்கு என்பது. மேற்சொன்ன தடை விசைப்படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும் உரியது. பாரம்பரிய நாட்டுப்படகுகளுக்கு உரியதன்று. இதனைச் சொல்லாமல் விட்டால், வல்லம் வைத்துப் பிழைக்கும் ஏழை இரண்டு மாதம் வீணே பட்டினி கிடப்பான். சொத்துரிமையிலும் இவ்வாறே. நம் கடற்கரையில் அடுத்தடுத்த மூன்று வீடுகளில் ஓர் இந்துக் குடும்பமும், ஒரு கிறிஸ்தவக் குடும்பமும், ஒரு முஸ்லிம் குடும்பமும் வாழக் காண்கின்றோம். உயில் எழுதாமல் தந்தை இறந்தால், முதல் வீட்டாருக்கு 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம். இரண்டாம் வீட்டாருக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். மூன்றாம் வீட்டாருக்கு அவர்தம் சமயச் சட்டம். "பெண்ணுக்குச் சமபங்கு" என்று தலைப்பிட்டு எழுதுவோர், எந்த வீட்டுப் பெண்ணுக்கு என்பதை முதல் வரியிலேயே சொல்லல் வேண்டும்.

மூன்றாவது, காலம். இதனிலேயே பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன. சற்றுமுன் கூறிய 1868-ஆம் வருஷத்துத் தீர்ப்பைப் படித்து, பங்காளிகள் சம்மதமின்றிக் கைம்பெண் சுவீகாரம் எடுத்தல் கூடாது என்று இன்று ஒருவர் எழுதுவாராயின் அது தவறாகும். 1956-ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த சுவீகார, ஜீவனாம்சச் சட்டத்தின்படி, கைம்பெண் தன் உரிமையிலேயே சுவீகாரம் எடுத்துக்கொள்ளலாம். பங்காளிகளின் சம்மதம் வேண்டுவதில்லை. ஆகவே அத்தீர்ப்பு சரித்திரத்திற்கு மாணிக்கம். இன்றைய விதவைக்கு வழிகாட்டி அன்று.

மற்றொன்று: 1862-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் நடந்துவந்த இந்திய தண்டனைச் சட்டம், 2024 ஜூலை 1-ஆம் தேதி முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய சட்டத்திற்கு இடம் தந்துவிட்டது. மோசடிக்கு 420 என்று சிறுபிள்ளையும் சொல்லும். புதிய சட்டத்தில் அது 318. கொலைக்கு 302 என்றிருந்தது இப்போது 103. எனினும், அத்தேதிக்கு முன் நிகழ்ந்த குற்றத்திற்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். ஆதலின் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கமாகக் கொடுத்து, எந்நாளில் நிகழ்ந்ததற்கு எது என்று காட்டுதல் முறை.

கடல் அட்டையை எடுத்துக்கொள்வோம். நம் பாட்டன்மார் அதனைப் பிடித்து, அவித்து, உலர்த்தி, கடல்கடந்த நாடுகளுக்கு அனுப்பிப் பிழைத்தனர். 2001-ஆம் ஆண்டில் வந்த ஓர் அறிவிக்கையால் கடல் அட்டை இனங்கள் யாவும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பாட்டனுக்கு நேர்மையான தொழில், பேரனுக்குச் சிறைக் குற்றம் ஆயிற்று. அவ்வறிவிக்கை கெஜட்டில் வந்தது. கெஜட்டைக் கடற்கரையில் படிப்பார் யார்? அன்று ஒவ்வொரு கரையூரிலும் தமிழில் தெளிவாக ஒரு பக்கம் கிடைத்திருக்குமாயின், அறியாமையால் அகப்பட்டோர் சிலரேனும் தப்பியிருப்பர். 2022-ஆம் ஆண்டில் அச்சட்டத்தின் அட்டவணைகள் முழுவதும் மாற்றியமைக்கப்பட்டன. ஆகவே, எழுதுவோர் ஒவ்வொரு முறையும் திருத்தப்பட்ட பிரதியைப் பார்த்தே எழுதல் வேண்டும். நினைவை நம்புதல் ஆகாது. கட்டுரையின் தலையில் "இன்ன தேதி வரை சரிபார்க்கப்பட்டது" என்று பொறித்தல் மிகவும் அவசியம்.

நான்காவது, காகிதம். சட்டம் என்பது வேறு. மந்திரியின் பேச்சு வேறு. தினசரிச் செய்தி வேறு. நமது ஆசை வேறு. இந்நான்கையும் கலந்து எழுதுவதனால் விளையும் தீங்கிற்குக் கச்சத்தீவு ஒன்றே போதிய உதாரணமாகும்.

1974-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 26-ஆம் தேதி கொழும்பிலும் 28-ஆம் தேதி புதுடில்லியிலும் கையெழுத்தான உடன்படிக்கையால், பாக் நீரிணையில் எல்லைக்கோடு வகுக்கப்பட்டு, கச்சத்தீவு இலங்கைப் பக்கம் விழுந்தது. அவ்வுடன்படிக்கையின் ஐந்தாம் ஷரத்து, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே கச்சத்தீவுக்குச் சென்றுவரலாம் என்றும், அதற்கு இலங்கையிடம் பிரயாணப் பத்திரமோ விசாவோ பெறவேண்டுவதில்லை என்றும் கூறுகின்றது. ஆறாம் ஷரத்து, இருநாட்டுப் படகுகளும் மற்ற நாட்டு நீர்ப்பரப்பில் வழிவழியாய் அனுபவித்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்று சொல்லுகின்றது. அந்த ஜூலையில் வெளிவிவகார மந்திரி சுவரண் சிங் அவர்களும், மீன்பிடிப்பு, யாத்திரை, கடற்போக்குவரத்து ஆகிய பழைய உரிமைகள் காக்கப்பட்டுள்ளன என்னும் கருத்துப்படப் பார்லிமெண்டில் பேசினார்.

இவ்வளவை மட்டும் படிப்பவர் என்ன கருதுவார்? கச்சத்தீவைச் சுற்றி வலைவீசுதல் நம் எழுதப்பெற்ற உரிமை என்றே கருதுவார். ஆனால் ஐந்தாம் ஷரத்து, முன் ஷரத்துக்களுக்கு உட்பட்டது என்னும் சொற்களோடு தொடங்குகின்றது. அம்முன் ஷரத்தோ, எல்லைக்கோட்டிற்கு அப்பால் அவ்வந்நாட்டிற்கே முழு அதிகாரம் என்கின்றது. அன்றியும், 1976 மார்ச் 23-ஆம் தேதி இரு அரசாங்கத்தாரும் மாற்றிக்கொண்ட கடிதங்களில், ஒரு நாட்டுப் படகுகள் மற்ற நாட்டு நீர்ப்பரப்பில் அந்நாட்டின் வெளிப்படையான அனுமதியின்றி மீன்பிடித்தல் ஆகாது என்று எழுதப்பட்டிருக்கின்றது. இலங்கையில் 1979-ஆம் ஆண்டு முதல் அந்நிய மீன்பிடிப் படகுகளைப் பற்றிய சட்டம் அமலில் உள்ளது. 2018-இல் அதன் அபராதங்கள் மிகப் பெரிதும் உயர்த்தப்பட்டன. 2017-இல் இழுவை மடித் தொழிலையே அந்நாடு தடைசெய்தது.

இவ்வுடன்படிக்கை நியாயமானதா, நம் மக்களைக் கேளாமல் செய்தது தகுமா என்பவை வேறு கேள்விகள். கச்சத்தீவை மீட்டல் வேண்டும் என்பது நம் கரையாரின் நெடுநாட் கோரிக்கை. அக்கோரிக்கையை நம் பத்திரிகையின் மற்றைப் பக்கங்களில் எவ்வளவு உரக்க வேண்டுமாயினும் எழுதுக, யாம் தடுக்கமாட்டோம். சட்டப் பக்கத்தில் மட்டும், இன்று இருப்பது இன்னது என்றே எழுதல் வேண்டும். ஐந்தாம் ஷரத்தை மட்டும் கட்டம் கட்டி அச்சிட்டு, 1976-ஆம் வருஷத்துக் கடிதத்தை விட்டுவிட்டால், எழுதியவர்க்குக் கைதட்டல் கிடைக்கும். அதனை நம்பிப் போன பையன் யாழ்ப்பாணச் சிறையில் இருப்பான். அவன் படகு அக்கரையில் மட்கிக் கிடக்கும். அவன் தாய் மாவட்டக் கச்சேரி வாசலில் மனுவுடன் நிற்பாள். இருப்பதை இருந்தபடி அறிந்தவனே, இருக்கவேண்டுவதற்காக நன்கு போராட வல்லவன். மனு எழுதுவோர்க்கும் முழு ஆவணமும் தெரிந்திருந்தாலன்றோ மனு நிற்கும்?

இனி, சங்கத்தார் நடத்தும் பத்திரிகைக்குச் சிறப்பாக உள்ள ஓர் ஆபத்தைச் சொல்ல வேண்டும். அன்பர்கள் மனம் வருந்தலாகாது. வெளியார் நடத்தும் பத்திரிகை பணத்திற்கு அஞ்சும். சங்கப் பத்திரிகை தன் பெரியோர்களுக்கு அஞ்சும். நமக்கு உவப்பான சட்டத்தைப் பெரிய எழுத்திலும், உவப்பில்லாத சட்டத்தைச் சிறிய எழுத்திலும் போடுவது, அல்லது போடாமலே விடுவது, இவ்வச்சத்தின் விளைவு.

பெண்மக்களின் சொத்துரிமை இதற்குத் தக்க சோதனை. இந்துக் குடும்பத்தில், தந்தை தாமே சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் விட்டு இறந்தால், மகனுக்கும் மகளுக்கும் சமபாகம் என்பது 1956 ஜூன் 17 முதலே சட்டம். பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளையும் மகனைப்போலப் பங்காளியாக்கும் திருத்தம், தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் அமலாயிற்று. அத்தேதிக்கு முன் மணம் முடித்த பெண்களை அது விலக்கியிருந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்திய சர்க்காரின் திருத்தம் நாடு முழுதும் வந்தது. அதில் அவ்விலக்கு இல்லை. ஆயினும் 2004 டிசம்பர் 20-க்கு முன், பதிவுசெய்த பத்திரத்தாலோ கோர்ட்டு டிக்கிரியாலோ நடந்து முடிந்த பாகப்பிரிவினையை அது கலைப்பதில்லை. அத்திருத்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்னும் ஐயம் பல்லாண்டு நீடித்தது. 2020 ஆகஸ்ட் 11-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, மகளின் உரிமை பிறப்பினால் வருவது, தந்தை அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டுவதில்லை என்று முடிவு கூறியது.

இத்தனை தேதிகளையும் வரிசையாய் அச்சிட்டால், நம் வீடுகளில் என்ன நேரும் என்பதை யாம் அறியாமல் இல்லை. சீர் கொடுத்தாயிற்று, நகை போட்டாயிற்று என்று சொல்லித் தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் அண்ணன்மாரும் இச்சங்கத்தின் அங்கத்தினரே. சந்தா கட்டுபவரும் பெரும்பாலும் அவர்களே. அத்தங்கைமாரும் நம் குலத்துப் பெண்களே அல்லரோ? விட்டுக்கொடுப்பது அவர்கள் விருப்பம். எதனை விட்டுக்கொடுக்கின்றோம் என்று அறிந்த பின் விட்டுக்கொடுத்தலே கொடையாகும். அறியாமல் விட்டது இழப்பு. இவ்விஷயம் அவர்கள் கைக்கு நம் பத்திரிகையின் வழியாகச் சென்று சேர்ந்தது என்பதைவிட இச்சங்கத்திற்கு வேறு புகழ் வேண்டா.

அதுபோலவே, ஊர்க்கட்டுப்பாட்டைச் சட்டம் என்று எழுதலாகாது. வலை வீசும் முறை, கரையில் படகு நிறுத்தும் இடம், திருவிழா வரி இவைகளைப் பற்றி நம் ஊர்க்கூட்டங்கள் செய்துகொள்ளும் ஏற்பாடுகள் பல நன்மையானவை. அவை இசைவினால் நடப்பவை. அரசாங்கச் சட்டம் ஆகமாட்டா. ஊரைவிட்டு விலக்குதல், கலப்பு மணம் செய்தோரை வருத்துதல் முதலியவை அவ்வேற்பாடுகளுள் சேரா. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில், 2011 ஏப்ரல் 19-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, கட்டப் பஞ்சாயத்து முற்றிலும் சட்டவிரோதமானது, அடியோடு ஒழிக்கத்தக்கது என்று கடிந்துரைத்தது. அத்தீர்ப்பும் நம் பக்கங்களில் இடம்பெறல் வேண்டும்.

அடுத்து, மொழிபெயர்ப்பைப் பற்றி. நம் மக்களுக்குத் தமிழில் கொடாத சட்டம் கொடாததே. ஆனால், பார்லிமெண்டுச் சட்டங்களையும் மேல் கோர்ட்டுத் தீர்ப்புகளையும் பொறுத்தமட்டில், வழக்கென்று வந்தால் கோர்ட்டில் பெரும்பாலும் ஆங்கில மூலமே எடுத்துப் பார்க்கப்படுகின்றது. இது குறித்து 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு நமக்கு அருமையான வழி காட்டுகின்றது. கெஜட்டில் வந்ததையும், விளக்கத்தோடு சேர்த்துச் சட்டங்களையும், கோர்ட்டு தடைசெய்தாலன்றித் தீர்ப்புகளையும் எவரும் அச்சிடலாம். அரசாங்கத்தாரின் மொழிபெயர்ப்பு வெளிவராத சட்டத்தை, அல்லது வெளிவந்தும் விலைக்குக் கிடைக்காத சட்டத்தை, இந்திய பாஷை எதிலும் பெயர்த்து வெளியிடலாம். ஆனால், இம்மொழிபெயர்ப்பு அரசாங்கத்தால் அங்கீகரிக்கப்பட்டதன்று என்பதைக் கண்ணிற்படும் இடத்தில் அச்சிடல் வேண்டும் என்பது நிபந்தனை. இதனைச் சட்டத்திற்காக மட்டும் செய்தல் போதாது. படிப்போர்க்குச் செய்யும் மரியாதையாகவும் கொள்ளல் வேண்டும்.

மொழிபெயர்ப்பில் மூன்று எச்சரிக்கைகள் சொல்லுவோம். "செய்யலாம்" என்று மூலத்தில் உள்ளதைச் "செய்ய வேண்டும்" என்று எழுதிவிடுதல் பெருந்தவறு. முன்னது அதிகாரியின் விருப்பத்திற்கு விடப்பட்டது, பின்னது அவர் தலையில் கட்டப்பட்ட கடமை. மேல்முறையீடு வேறு, சீராய்வு மனு வேறு. இரண்டையும் "அப்பீல்" என்று ஒரே சொல்லால் குறித்தால், படிப்போர் தவறான கதவைத் தட்டுவர். பட்டா வேறு, கிரயப் பத்திரம் வேறு. பட்டா தன் பெயரில் இருப்பதனால் மட்டும் நிலம் தனதென்று நம்பி மோசம் போனோர் நம் ஜில்லாவில் அநேகர். எனவே, சட்டச் சொல்லைத் தமிழில் எழுதியபின், கோர்ட்டிலும் ரிஜிஸ்டர் கச்சேரியிலும் வழங்கும் சொல்லையும் தமிழெழுத்திலேயே பக்கத்தில் எழுதுக. படிப்போர் நாளை அங்கே சென்று வாய்திறந்து கேட்க வேண்டுமன்றோ?

அச்சிடத் தகாதவை எவை என்பதையும் வரையறுத்தல் வேண்டும். பாலியற் குற்றத்திற்கு ஆளானவரின் பெயரையோ, அவரை அடையாளம் காட்டும் ஊர், உறவு, படம் முதலியவற்றையோ வெளியிடுதல் குற்றம். குழந்தைகளைப் பற்றிய வழக்குகளிலும் அவ்வாறே. சிறிய ஊர்களில் பெயர் சொல்லாவிடினும், "இன்ன தெருவில் இன்ன தொழில் செய்வார் மகள்" என்றாலே எல்லார்க்கும் தெரிந்துவிடும். அதுவும் பெயரைச் சொன்னதேயாகும். வழக்கு நடந்துகொண்டிருக்கையில் ஒருவரைக் குற்றவாளி என்று எழுதலாகாது; குற்றம் சாட்டப்பட்டவர் என்றே எழுதுக. நம் குலத்தார் ஒருவர் வாதியாகவோ பிரதிவாதியாகவோ இருந்தால், அவர் பக்கம் சாய்ந்து எழுதுதலும் கூடாது.

வக்கீல்மார் நம் பத்திரிகைக்கு எழுதுவது பாராட்டத்தக்கது. ஆயினும், வக்கீல்கள் தம்மை விளம்பரஞ்செய்துகொண்டு கட்சிக்காரரைத் தேடுதல் இந்திய பார் கவுன்சில் விதிகளால் தடுக்கப்பட்டிருக்கின்றது. அக்கட்டுரைகளின் அடியில் பெயர் இருக்கலாம். "அணுகவேண்டிய முகவரி" வேண்டா. யார் எழுதினும், எழுதியவர் ஒருவர், மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் மற்றொருவர் என்று இருவர் கண் படாமல் ஒரு வரியும் அச்சேறலாகாது. பொதுவாகச் சட்டத்தை விளக்குதல் நம் வேலை. இன்னாருடைய வழக்கில் இன்னது செய்க என்று சொல்லுதல் நம் வேலை அன்று. கடிதம் எழுதிக் கேட்போர்க்கு, கேள்வியின் பொது அம்சத்தை மட்டும் விளக்கி, செல்லவேண்டிய இடத்தைக் காட்டுதல் போதும்.

அவ்விடத்தையும் இங்கே சொல்லிவிடுவோம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் அதிகாரச் சட்டத்தின்படி, நம் இராமநாதபுரம் உள்ளிட்ட மாவட்டங்கள்தோறும் சட்டப் பணிகள் ஆணைக்குழு உண்டு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் வகுப்பார், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர், பெரும் இயற்கைச் சேதத்தால் பாதிக்கப்பட்டோர் ஆகியோர்க்கு, வருமானம் எவ்வளவாயினும், இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரப்படும். மற்றவர்க்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்னும் டெலிபோன் எண்ணில் கேட்கலாம். ஒவ்வொரு சட்டக் கட்டுரையின் அடியிலும் இச்செய்தி நிலையாக இருத்தல் வேண்டும். அதனோடு, காலவரையறையும் சொல்லப்படல் வேண்டும். கீழ்க் கோர்ட்டின் சிவில் டிக்கிரியை எதிர்த்து ஜில்லாக் கோர்ட்டில் முறையிட 30 நாள், ஹைக்கோர்ட்டில் முறையிட 90 நாள் என்பது 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் பொது விதி. உரிமை இன்னதென்று இரண்டு பக்கம் எழுதி, அது எந்நாளோடு போய்விடும் என்பதைச் சொல்லாமல் விட்ட கட்டுரை, பாதி ஆற்றில் இறக்கிவிட்ட ஓடக்காரனை ஒக்கும்.

கடைசியாக ஒன்று. எவ்வளவு கவனித்தாலும், மனிதர் எழுதும் பக்கத்தில் பிழை புகுதல் உண்டு. பிழை தெரிந்தவுடன், அது வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், "இன்ன இதழில் இவ்வாறு வந்தது, சரியானது இது" என்று வெளியிடல் வேண்டும். கடைசிப் பக்கத்தின் மூலையில் எறும்பெழுத்தில் போடுதல் திருத்தம் ஆகாது. பழைய இதழ்களைக் கட்டிவைத்திருக்கும் வாசகசாலைகளுக்கு ஒட்டுத்தாள் அனுப்பி, பிழையுள்ள பக்கத்தின்மேல் ஒட்டச் செய்தல் மிகவும் நன்று. ஒரு பத்திரிகையின் மதிப்பு அது திருத்திய பிழைகளால் குறைவதில்லை.

மாதந்தோறும் தவறாமல் சட்டப் பக்கம் வரவேண்டுமே என்று சிலர் கவலைப்படலாம். சரிபார்த்த விஷயம் இல்லாத மாதத்தில், "இம்மாதம் சட்டப் பக்கம் இல்லை" என்று ஒரு வரி போடுக. ஒரு மாதம் தாமதித்த உண்மையால் கெட்டவர் மிகச் சிலர். உடனே வந்த பொய்யால் கெட்டவர் பலர்.

அன்பர்களே! நம் முன்னோர் கடலோடுங்கால் விண்மீனையும் நீரோட்டத்தையும் நன்கறிந்த பின்னரே பாய்விரித்தனர். இன்று கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோடுகளும், நாள்தோறும் மாறும் விதிகளும் நம் வாழ்வைச் சூழ்ந்துள்ளன. அவற்றை நம் மக்களுக்குப் பிழையின்றி எடுத்துரைத்தல் இச்சங்கத்தின் கடமைகளுள் தலையாயது. படித்த இளைஞர் ஊருக்கு ஒருவரேனும் முன்வந்து, கெஜட்டைப் பார்த்து எழுதவும் ஒப்பிடவும் துணைபுரிவாராக. தாய்மார்கள் அப்பக்கங்களைத் தம் பெண்மக்களுக்கும் படித்துக் காட்டுவார்களாக. பெரியோர்கள், தமக்கு உவப்பில்லாத சட்டம் அச்சேறிய மாதத்திலும் சந்தாவை நிறுத்தாமல், சங்கத்தை ஆதரிப்பார்களாக.